பொருளுக்குப் பொருள்

மொகஞ்சதாரோ, ஹரப்பா முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லோரும் ஏற்கும்படி இதுவரை எவரும் படித்துக் காட்டவில்லை. ஜான் மார்ஷல் 1924-இல் அந்தச் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். ஐராவதம் மகாதேவனின் 1977-ஆம் ஆண்டுத் தொகுப்பு 417 குறிகளைப் பிரித்து எண்ணிட்டது. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தாம் உள்ளன. அந்தக் குறுகிய வாசகங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ வாசிப்புகள் வந்து போய்விட்டன. 2025 ஜனவரியில் தமிழக அரசு, புதிரை அவிழ்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது.

அந்தக் குறிகளுக்கு மொழிப்பொருள் உண்டு என்பதை இந்த வாசிப்புகள் எல்லாம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்கியவை. 2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் மூவரும் அந்த அடிப்படையிலேயே கை வைத்தார்கள். இவை எந்த மொழியையும் எழுதிய எழுத்தல்ல, சமயத்தையும் அதிகாரத்தையும் சார்ந்த சின்னங்கள் என்பது அவர்கள் வாதம். 2009-இல் ராஜேஷ் ராவ், மகாதேவன், ரணஜாய் அதிகாரி உள்ளிட்ட குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் எதிர்வாதம் வைத்தனர். ஒரு குறியை அடுத்து எது வரும் என்பதில் உள்ள நிச்சயமின்மையை அவர்கள் அளந்தார்கள். அந்த அளவு சுமேரியம், பழந்தமிழ், வேத சம்ஸ்கிருதம் முதலிய மொழிகளோடு ஒத்துப்போகிறது, மரபணு வரிசையோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். மொழியல்லாத சின்ன வரிசைகளிலும் இத்தகைய அளவு வரக்கூடும் என்று ஸ்ப்ரோட் திரும்ப மறுத்தார்.

என்ன பொருள் என்பது ஒருவருக்கும் தெரியாதபோதே மொழிப்பொருள் உண்டா இல்லையா என்று இருதரப்பும் வாதாட முடிந்திருக்கிறது. அப்படியானால் ‘பொருள் உண்டு’ என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? கல்லில் கீறிய கோட்டிலா, அது சுட்டும் உலகிலா, கீறியவர் மனத்திலா, அதைக் கையாண்ட ஊரின் பழக்கத்திலா, எங்கே இருக்கிறது அது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வந்திருக்கும் விடைகளில் முக்கியமானவற்றை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

சொல்லிலேயே உள்ள சிக்கல்

தமிழில் ‘பொருள்’ என்பது பண்டம், செல்வம், சொல்லின் கருத்து ஆகிய மூன்றையும் குறிக்கிறது. சம்ஸ்கிருத ‘அர்த்த’மும் ஏறக்குறைய இதே பரப்பைக் கொண்டது, நோக்கம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சொல்லின் பொருள் அது சுட்டும் பண்டமே என்ற கோட்பாட்டை, யோசிக்கத் தொடங்கும் முன்பே நம் சொல்வழக்கு நம் கையில் கொடுத்துவிடுகிறது.

தொல்காப்பியர் இதில் கவனமாக இருந்ததாகத் தோன்றுகிறது. பெயரியலின் தொடக்கத்தில் எல்லாச் சொல்லும் பொருள் குறிப்பவை என்கிறார். அடுத்த நூற்பாவிலேயே, சொல்லால் அதன் பொருளும் தெரியவரும், சொல் என்ற தன்மையும் தெரியவரும் என்று பிரிக்கிறார். ‘மரம் வளர்ந்தது’ என்பதில் மரம் பொருளைக் காட்டுகிறது. ‘மரம் என்பது மூன்றெழுத்துச் சொல்’ என்பதில் தன்னையே காட்டிக்கொள்கிறது. ஐரோப்பியத் தருக்கவியல் இந்த வேறுபாட்டை 20-ஆம் நூற்றாண்டில் வெகுவாக வலியுறுத்தியது. (யார் முந்தி என்ற போட்டிக்கு இதில் இடமில்லை. இருவரும் தீர்க்க முயன்ற சிக்கல்கள் வேறு.) அதற்கடுத்து, பொருள் வெளிப்படையாகவும் தெரியலாம், குறிப்பாகவும் தோன்றலாம் என்று இன்னொரு பிரிவு வருகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சுட்டப்படும் உலகம்

சொல்லின் பொருள் அது சுட்டும் பண்டம் என்பது மிக எளிய நிலைப்பாடு. முயற்கொம்பு அதை உடனே சோதிக்கிறது. முயலுக்குக் கொம்பில்லை, ஆனால் ‘முயற்கொம்பு’ என்றால் நமக்குப் புரிகிறது. இந்தியத் தருக்க மரபுகள் ஆமைமயிர்க் கம்பலத்தையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கேள்வியை நெடுங்காலம் அலசின. 1905-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதே வகைச் சிக்கலை எடுத்துக்கொண்டார். மன்னராட்சி இல்லாத ஃபிரான்சின் ‘இன்றைய மன்னர்’ வழுக்கைத் தலையர் என்ற வாக்கியம் பொய்யா, பொருளற்றதா? பொய்தான் என்றார் அவர். வாக்கியத்தைப் பிரித்து எழுதினால், இல்லாத ஒருவர் இருப்பதாகச் சொல்வது அதில் தெரிந்துவிடும்.

கோட்லோப் ஃப்ரேகே 1892-இலேயே வேறு வழியில் வந்தார். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள். பொருள் என்பது சுட்டப்படும் பண்டம் மட்டும்தான் என்றால் ‘விடிவெள்ளிதான் அந்திவெள்ளி’ என்ற செய்தி ‘விடிவெள்ளிதான் விடிவெள்ளி’ என்பதைவிட எதையும் கூடுதலாகச் சொல்லாது. ஆனால் அது வானியல் கண்டறிந்த உண்மை. ஆகவே சுட்டப்படும் பண்டம் ஒன்று, அது நமக்குத் தோன்றும் விதம் இன்னொன்று என்று ஃப்ரேகே பிரித்தார். அந்த ‘விதம்’ மனத்தில் உள்ள படமா என்றால் இல்லை என்றார். படம் ஆளுக்கு ஆள் மாறும், விதம் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது விதம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை பலரை நிறைவு செய்யவில்லை.

பௌத்தரான திக்நாகர் முற்றிலும் வேறு வழி போனார். காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் அவருடைய அளவையியலைச் சார்ந்ததுதான் மணிமேகலையின் 29-ஆம் காதையில் வருகிறது. ‘பசு’ என்ற சொல் பசுத்தன்மை என்ற எதையும் சுட்டவில்லை, பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. பசு அல்லாததை அறியப் பசுவை முன்பே அறிந்திருக்க வேண்டாமா என்று மீமாம்சகரான குமாரிலர் கேட்டார். நல்ல கேள்வி அது. பின்வந்த பௌத்தர்கள் அதற்கு விடை தேடிக் கொள்கையைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையா, ஏற்பாடா என்பது இதன் கிளைக்கேள்வி. மீமாம்சகர் உறவு என்றும் உள்ளது என்றனர். நியாய மரபினர் அது ஏற்பாடு என்றனர். கிரேக்கத்தில் பிளேட்டோவின் ‘கிராடிலஸ்’ உரையாடல் இதையே விவாதித்து, முடிவு சொல்லாமல் நின்றது. நன்னூல் இடுகுறி, காரணம் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்தது. மொழியியலாளர் சசூரின் 1916-ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு இடுகுறிக் கட்சி வென்றுவிட்டதாகவே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த வெற்றியும் பாதிதான். குறி இடப்பட்டது என்பது தெரிந்துவிட்டால், இடப்பட்டது எப்படிப் பொருளாயிற்று என்பது தெரிந்துவிடாது.

சொல்லா, தொடரா

தனிச்சொல்லுக்குப் பொருள் உண்டா, தொடரில் வந்தால்தானா? மீமாம்சகருள் குமாரிலர் மரபில் சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தரும், பிறகு அவை இணையும். பிரபாகரர் மரபில் சொற்கள் இணைந்த நிலையிலேயே பொருள் தரும். 5-ஆம் நூற்றாண்டின் பர்த்ருஹரி இன்னும் ஒரு படி போய், வாக்கியமே பிரிக்க முடியாத ஒற்றை அலகு, சொற்கள் நாம் வசதிக்காக வெட்டியெடுத்தவை என்றார். சொல்லின் பொருளைத் தொடருக்குள் வைத்தே கேட்க வேண்டும் என்று ஃப்ரேகே 1884-இல் எழுதியதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே.

தொடர் பொருள் தர மூன்று வேண்டும் என்றனர் இந்திய மரபினர். ஒரு சொல் மற்றொன்றை அவாவி நிற்கும் அவாய்நிலை, பொருந்தும் தகுதி, இடையீடின்றி வரும் அண்மை. ‘நெருப்பால் நனைக்கிறான்’ என்பது தகுதி தவறியதற்குப் பழைய எடுத்துக்காட்டு. இலக்கணம் சரியாக இருக்கிறது, ஆனால் நெருப்பு நனைக்காது. 1957-இல் நோம் சாம்ஸ்கி, இலக்கணம் பிசகாத ஆனால் பொருள் ஒட்டாத தன் புகழ்பெற்ற வாக்கியத்தைக் கொண்டு இலக்கண அமைதி வேறு, பொருளுடைமை வேறு என்று நிறுவ முயன்றார். இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கும் ஒரே பலவீனம் உண்டு. கவிஞர் கையில் கொடுத்தால் நெருப்பு நனைத்துவிடும். தகுதியின்மை பொருளைக் கொல்வதில்லை, பல வேளைகளில் வெளிப்படையிலிருந்து குறிப்புக்குத் தள்ளிவிடுகிறது. மேலும், நெருப்பு நனைக்காது என்று நாம் மறுக்க வேண்டுமானால் அந்தத் தொடர் ஏற்கெனவே நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சோதிக்க முடியாதது பொருளற்றதா

1920-களிலும் 30-களிலும் வியன்னா வட்டத்தார் கறாரான ஓர் அளவுகோலை நீட்டினார்கள். வரையறையாலேயே உண்மையாகும் கூற்றுகள் போக, அனுபவத்தால் சோதிக்க வழியில்லாத எதுவும் பொருளற்றது. மீமெய்யியல், இறையியல், அறவியல் கூற்றுகளில் பெரும்பகுதி இந்தச் சல்லடையில் தங்காமல் போயிற்று. 1936-இல் ஏ. ஜே. அயர் தன் 25-ஆம் வயதில் வெளியிட்ட நூல் இதை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்றது. அளவுகோல் தன் எடையிலேயே முறிந்தது. ‘சோதிக்க முடியாதது பொருளற்றது’ என்ற கூற்றை எதைக் கொண்டு சோதிப்பது? 1951-இல் மெய்யியலாளர் குவைன், கூற்றுகள் தனித்தனியாக அனுபவத்தை எதிர்கொள்வதில்லை, நம் அறிவு முழுவதும் கூட்டாகவே எதிர்கொள்கிறது என்று காட்டியபின் தனிக் கூற்றுக்கான சோதனை என்ற எண்ணமே தளர்ந்துவிட்டது. ஆனாலும் ‘இதை எப்படிச் சரிபார்ப்பாய்?’ என்று கேட்கும் பழக்கத்தை அது விட்டுச்சென்றது. அது நல்ல மிச்சம்.

உரியியலின் கடைசி நூற்பாக்கள்

பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாக வெளிப்படும் இடம் ஓர் இலக்கண நூலின் அகராதிப் பகுதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலான உரியியல், வழக்கில் அரிதான சொற்களுக்குப் பொருள் சொல்கிறது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்பதுபோல. முறை வெளிப்படையானது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்ததோடு சார்த்திச் சொன்னால் போதும்.

ஆனால் இயலின் இறுதியில் தொல்காப்பியர் திடீரென்று தன் முறையின் வரம்பைப் பற்றியே பேசத் தொடங்குகிறார். ‘நனி’ என்றால் மிகுதி என்றாய், ‘மிகுதி’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டால்? பொருளுக்குப் பொருள் தேடிக்கொண்டே போனால் அதற்கு எல்லை இராது என்கிறார். அடுத்து, உணர்த்தும் திறன் இருந்தால் பொருள் பிறழாது என்கிறார். அதற்கடுத்து, உணரும் வாயில் உணர்பவரின் வலிமையைப் பொறுத்தது என்கிறார். சொல் ஏன் அந்தப் பொருளைக் கொண்டது என்பதன் காரணம் பளிச்சென்று தோன்றாது என்ற நூற்பாவும் இங்கேதான் வருகிறது. சொல்லால் விளங்காதவருக்குத் தொடரால் விரித்தோ, பொருளையே காட்டியோ உணர்த்தலாம் என்பது உரை மரபின் விளக்கம். அதற்கும் உணராதவருக்கு வேறு வழியில்லை.

இரண்டு தேர்வுகள் இதில் அடங்கியிருக்கின்றன. சொற்களின் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் சொல்லுக்கு வெளியே காலூன்ற வேண்டும் என்பது ஒன்று. 1990-இல் ஸ்டீவன் ஹார்னாட் இதையே கணினியறிவியலுக்காகக் கேட்டார். சீனம் அறியாத ஒருவர் கையில் சீன–சீன அகராதி மட்டும் இருந்தால் அவர் குறியிலிருந்து குறிக்குத் தாவிக்கொண்டே இருப்பார், எந்தக் குறியும் அவருக்குப் பொருளாகாது. காலூன்ற வைப்பது கேட்பவரின் திறன் என்பது மற்றொன்று. விரல் நீட்டிக் காட்டுவதும் தானாகப் பொருளாகிவிடாது. 1960-இல் குவைன் கற்பனை செய்த எடுத்துக்காட்டில், அறியாத மொழி பேசுபவர் ஓடும் முயலைக் காட்டி ஒரு சொல் சொல்கிறார். அது முயலா, முயலின் உறுப்பா, ஓட்டமா? காட்டிய விரல் இதில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுப்பவர் பார்ப்பவர்.

தொல்காப்பியர் குவைனுக்கு விடை கண்டுவிட்டார் என்பது மிகை. சிக்கல் எந்த முடிச்சில் இருக்கிறது என்று அவர் சுட்டினார். முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டார். உணர்பவரின் அந்த வலிமை என்ன என்று அவர் விரிக்கவில்லை, விரிப்பது இலக்கணியின் வேலையும் அல்ல.

நோக்கமும் பழக்கமும்

புகை நெருப்பைக் காட்டுகிறது. மேகம் மழையைக் காட்டுகிறது. இவற்றிலிருந்து மனிதர் ‘காட்டுவது’ எங்கே வேறுபடுகிறது? 1957-இல் பால் கிரைஸ் சொன்ன விடை, நோக்கத்தில். நான் ஒன்றை உணர்த்த விரும்புகிறேன், அந்த விருப்பத்தை நீங்கள் கண்டுகொள்வதன் வழியாகவே அதை உணர்த்த விரும்புகிறேன். புகைக்கு அப்படி எதுவும் இல்லை. இந்திய மரபிலும் இந்தக் கோடு உண்டு. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது அனுமானம், சொல்லால் அறிவது தனி அளவை என்றது நியாயம். சொல்லறிவும் அனுமானமே என்று பௌத்தர் சேர்த்துவிட்டனர். சொல்லப்பட்டதையும் உணர்த்தப்பட்டதையும் கிரைஸ் பின்னாளில் பிரித்தது, வெளிப்படை–குறிப்பு என்ற பழைய பிரிவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நோக்கக் கோட்பாட்டின் பலவீனம், நோக்கத்துக்கே பொருள் வேண்டியிருப்பது. அதன் உள்ளடக்கம் எங்கிருந்து வந்தது?

விட்கென்ஸ்டைன் உள்ளே தேடுவதையே கைவிடச் சொன்னார். அவர் மறைவுக்குப் பின் 1953-இல் வந்த நூலின் பரிந்துரை, பெரும்பாலான இடங்களில் சொல்லின் பொருளை அறிய அதன் கையாட்சியைப் பார் என்பது. இது பலவற்றை விளக்கும். பண்டைத் தமிழில் ‘நாற்றம்’ நறுமணத்துக்கும் உரியது, இன்று துர்வாடைதான். அது சுட்டிய எந்தப் பண்டமும் மாறவில்லை, ஊர் அதைக் கையாளும் விதம் மாறியது. ஆனால் கையாட்சியே பொருள் என்றால், எல்லோரும் தவறாகக் கையாள்கிறார்கள் என்று சொல்லவே முடியாது போகும். தமிழில் பிழைதிருத்தி நூல் எழுதுவோர் இதை எளிதில் ஏற்க மாட்டார்கள்.

ஹிலாரி புட்னம் 1975-இல் வேறு பக்கத்திலிருந்து இடித்தார். அவர் வாதத்தை நம் மண்ணில் வைத்துச் சொன்னால், நகரத்தில் வளர்ந்தவருக்கு வரகும் சாமையும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனாலும் ‘வரகு’ என்று அவர் சொன்னால் வரகையே குறிக்கிறார். வேறுபாடு அவர் மனத்தில் இல்லை. தெரிந்த உழவரிடமும் வணிகரிடமும், வரகுத் தாவரத்திடமும் இருக்கிறது. பொருள் தலைக்குள் இல்லை என்பது புட்னம் கண்ட முடிவு. என் பார்வையில் இந்த விவாதம் முழுவதிலும் மிகக் குறைவாக ஆட்டம் கண்ட முடிவு இதுதான்.

எண்ணிக்கையும் இயந்திரமும்

சொல்லை அதன் சுற்றத்தைக் கொண்டு அறியலாம் என்ற எண்ணத்தை ஸெலிக் ஹாரிஸ் 1954-லும், ஜே. ஆர். ஃபிர்த் 1957-லும் மொழியியலுக்குக் கொடுத்தார்கள். சிந்து முத்திரைகள் பற்றிய 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை வரிசையில் உள்ள ஒழுங்கை எண்ணியது. இன்றைய பெரும் மொழிமாதிரிகள் அதே வகை ஒழுங்கை மாபெரும் அளவில் கற்கின்றன. அவற்றின் வெளிப்பாடு பொருளுள்ளதா? ஜான் சியர்ல் 1980-இல், விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனக் குறிகளுக்குப் பதில் குறி நீட்டும் ஒருவரைக் கற்பனை அறைக்குள் உட்காரவைத்து, அவருக்குச் சீனம் புரியவில்லை என்றார். எமிலி பெண்டரும் அலெக்சாண்டர் கொல்லரும் 2020-இல், கடலடிக் கம்பியில் ஒட்டுக்கேட்டே உரையாடக் கற்ற ஓர் ஆக்டோபஸைக் கற்பனை செய்து, வடிவத்திலிருந்து மட்டும் பொருளைப் பெற முடியாது என்றனர். எதிர்த்தரப்பு புட்னமிடமே திரும்புகிறது. வரகை அறியாதவர் ஊரைச் சார்ந்து வரகைக் குறிக்கலாம் என்றால், மனித எழுத்தைச் சார்ந்த இயந்திரம் ஏன் குறிக்கக் கூடாது? இரு தரப்பினரும் ‘புரிதல்’ என்ற சொல்லை வேறுவேறு எடையில் நிறுக்கிறார்கள் என்ற ஐயம் எழுகிறது.

வாழ்வின் பொருள் இதே பொருளா

‘பொருளுள்ள வாழ்க்கை’ என்ற வழக்கு இந்தக் கேள்விகளோடு எவ்வளவு உறவுடையது? தாமஸ் நேகல், சூசன் வுல்ஃப் போன்றோர் விவாதித்தது வாழ்க்கை எதையாவது சுட்டுகிறதா என்பதை அல்ல. ஈடுபடுவதற்கு ஏதேனும் தகுதியுள்ளதா என்பதே அவர்கள் கேள்வி. தமிழ் மரபு இதற்கு உறுதிப்பொருள் என்றும் பயன் என்றும் வேறு சொற்களை வைத்திருந்தது. திருக்குறளின் இருபதாம் அதிகாரம் பயனில்லாத சொல்லைத்தான் பழிக்கிறது. பயனில்லாத சொல்லுக்கும் பொருள் இருக்கும், அதனால்தான் அது பேச்சாகி நேரத்தைத் தின்கிறது. இரண்டு கேள்விகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று கருதுவோர் உண்டு. ஒரு சொல்லின் பரப்பு அகன்றிருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

முத்திரைக்குத் திரும்பினால்

இத்தனை கோட்பாடுகளையும் ஒரு முத்திரையின் முன் நிறுத்தினால் அவை ஒரே தீர்ப்பைச் சொல்லாது. மீன் வடிவக் குறியை எடுத்துக்கொள்வோம். ஹென்றி ஹெராஸ் தொடங்கி அஸ்கோ பர்ப்போலா விரித்த வாசிப்பு, திராவிட மொழிகளில் ‘மீன்’ என்ற சொல் நீந்துவதையும் வானில் மின்னுவதையும் குறிக்கும் ஒலியொற்றுமையைச் சார்ந்தது. மொழி திராவிடம் என்று கொண்டால் அழகாகப் பொருந்தும். கொள்ளாவிட்டால் அது மீன் படம். நோக்கக் கோட்பாட்டின்படி செதுக்கியவர் எதையோ உணர்த்த விரும்பினார் என்பதே போதும், அந்தப் பொருள் அழியவில்லை. கையாட்சிக் கோட்பாட்டின்படி கையாண்டவர் போனபின் அங்கே இருப்பது பொருளின் தடம் மட்டும். எண்ணிக்கை வாதம் ஒழுங்கு இருக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டும். ஃபார்மர் கட்சிகூடக் குறிகள் பொருளற்றவை என்று சொல்லவில்லை, மொழியல்ல என்றே சொல்கிறது. உதயசூரியனும் இரட்டை இலையும் வாக்குச்சீட்டில் பொருள் நிறைந்தவை, ஆனால் அவற்றை யாரும் வாக்கியமாகப் படிப்பதில்லை. ஆக, பொருளுடைமை என்ற ஒரே சொல்லுக்குள் மொழிப்பொருளும் சின்னப்பொருளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. உணர்பவரே இல்லாத குறிக்குப் பொருள் எஞ்சுமா என்பதும், காலூன்றுவது என்பது துல்லியமாக என்ன நிகழ்வு என்பதும் திறந்தே கிடக்கின்றன.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அக்காடியக் காலத்து உருளை முத்திரை ஒன்று இருக்கிறது. அதன் உடைமையாளர் ஷூ-இலிஷு, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்று அதில் ஆப்பெழுத்தில் பொறித்திருக்கிறது. மெலுஹா சிந்துவெளியே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவர்கள் கருத்து சரியென்றால், அந்த மொழியைக் கேட்டு இன்னொரு மொழியில் சொன்ன ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் மீன் குறியைப் படிக்கவும் தெரிந்தவரா என்று அந்த முத்திரை சொல்லவில்லை.